மதுரைத் திட்ட மின்பதிப்புத் தளம்: பயன்பாட்டு நெறிகளின் வழி ஒரு மதிப்பீடு

ஒரு நூலின் நலந்தீங்குகளை ஆராய்தற்குரிய அளவைகளை நூலின் முகப்பிலேயே வைத்துக் கற்பித்தது தமிழ் மரபு. நூற்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் நன்னூற் பாயிரம் கற்றார் யாவரும் அறிவர். ஆயின், கற்பான் ஒருவன் தனக்கு வேண்டிய நூலையும், அந்நூலுள் தனக்கு வேண்டிய செய்யுளையும், அச்செய்யுளுள் தனக்கு வேண்டிய சொல்லையும் யாங்ஙனம் சென்று அடைகின்றான், அவ்வழி அவனுக்கு எளிதாக அமைந்துளதா என்னும் வினாவை அப்பாயிரம் தனியே எடுத்துப் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் அக்காலத்து மிகுதியாக இல்லை. நூல் பெரிதும் நெஞ்சில் இருந்தது. ஏட்டினின்றும் அச்சிற்கும், அச்சினின்றும் கணினித் திரைக்கும் நூல் பெயர்ந்துவிட்ட இந்நாளில் அவ்வினா தவிர்க்க இயலாததாயிற்று. முதுகலை மாணவர் பலர் புறநானூற்றை இன்று முதன்முதற் காண்பது நூலகத்து அடுக்கில் அன்று, திரையில்.

இவ்வினாவிற்கு இலக்காக யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டத்தின் இணையதளம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று தொடங்கப்பெற்ற இத்திட்டத்திற்குச் சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் வாழும் வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தலைமை ஏற்றார்; அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ஜுனன் அவர்கள் துணை நின்றார். பல நாடுகளிலும் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாது நூல்களைத் தட்டெழுதியும் பிழை திருத்தியும் அளிக்க, அவை எல்லார்க்கும் விலையின்றி வழங்கப்பெற்று வருகின்றன. தமிழ்நாட்டு அரசின் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றிய 2001ஆம் ஆண்டிற்கு மூன்றாண்டுகள் முன்னரே தொடங்கிய பணி இது. அன்பினால் செய்த பணியை விலைகொடுத்து வாங்கிய பொருளைப் போல் எடையிடுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். தகும் என்பதே எம் துணிபு. ஆய்வேடுகள் பலவற்றிற்கு மூலபாடமாக நிற்கும் ஒன்றினை ஆராயாது புகழ்ந்துவிட்டுச் செல்வது அதற்குச் செய்யும் மதிப்பு ஆகாது.

இனி, எந்த அளவுகோலால் அளப்பது என்பது பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கணினியின் முகப்பை மாந்தர் கையாளும் திறம் பற்றிய துறையில், ஜேக்கப் நீல்சன், ரோல்ஃப் மோலிச் என்னும் இருவர் 1990இல் சில பொதுநெறிகளை வகுத்தனர். நீல்சன் பின்னர் 249 பயன்பாட்டுக் குறைகளைப் பகுத்து ஆராய்ந்து, 1994இல் அந்நெறிகளைப் பத்தாகத் திருத்தி அமைத்தார். கருவி தன் நிலையைப் பயன்கொள்வார்க்கு உணர்த்துதல், அவர்தம் உலக வழக்கோடு ஒத்துப்போதல், நினைவிற்கொள்ளச் செய்யாது கண்டு அறியச் செய்தல், பிழை நேராவாறு காத்தல், நேர்ந்தபோது அதனைத் தெளிவாக எடுத்துரைத்தல், வேண்டாதவற்றை ஒழித்தல் முதலியன அவற்றுட் சில. பயன்பாடு என்பதனை வினைமுடிவு, முயற்சிச் சிக்கனம், மனநிறைவு என்னும் மூன்றாக வரையறுக்கும் 9241-11 எண் கொண்ட அனைத்துலகத் தரநெறியும் 1998இல் வெளிவந்து 2018இல் திருத்தம் பெற்றது. இவற்றிற்கெல்லாம் முன்னரே, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய சீர்காழி அரங்கநாதனார் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்பவரின் காலத்தைச் சேமிக்க என்பது. நீல்சனார் பத்தும் அதன் விரிவே என்று கூறினும் பெரிதும் இழுக்காது.

நீல்சனார் நெறி பத்து, நன்னூலார் அழகு பத்து என எண்ணொப்புமை கண்டு, இரண்டும் ஒன்றே எனக் கூறப் புகுவார் உளராயின் அவர்க்கு ஒன்று சொல்வோம். நன்னூலாரின் அளவை நூலைப் பற்றியது. நீல்சனாரின் அளவை நூலை அடையும் வழியைப் பற்றியது. முறையின் வைப்பு, விளங்க வைத்தல் போன்ற ஓரிரு இடங்களில் இரண்டும் தொட்டுச் செல்கின்றன என்பது உண்மை. அதற்குமேல் அவ்வொப்புமையை இழுத்தல் வீண்.

முதற்கண் தளத்தின் தோற்றம். இது மிக எளியது. பட்டியல், பட்டியலினின்று நூல், நூலுள் வெற்றுப் பாடம். அசையும் படங்கள் இல்லை. அணி ஒப்பனை இல்லை. இக்கால வடிவமைப்பாளர் இதனைக் கண்டவுடன் பழையது என்று ஒதுக்குவர். அவர் கூற்றை யாம் ஏலோம். வேண்டாதவற்றை ஒழித்தல் என்னும் நெறிப்படி நோக்கின், பாடத்தைப் படிக்க வந்தார்க்கும் பாடத்திற்கும் இடையே ஒன்றும் நில்லாமை சிறப்பேயாம். இவ்வெளிமையே இத்தளத்தின் நெடுவாழ்விற்கும் காரணம் என்பது எம் கருத்து. தொடக்கத்தில் இணைமதி, மயிலை முதலிய எழுத்துருக்களிலும், பின்னர்த் திஸ்கி என்னும் குறியேற்றத்திலும் பாடங்கள் வழங்கின. அந்நாளில் உரிய எழுத்துரு தம் கணினியில் இல்லாதார்க்குத் தமிழ் எழுத்துகளுக்கு மாறாகப் பொருளற்ற உரோமானியக் குறிகளின் குவியலே தோன்றும்; ஏன் அவ்வாறு தோன்றுகின்றது என்று திரையில் ஒரு சொல்லும் இராது. 2004 முதல் ஒருங்குறியில் வெளியிடத் தொடங்கியபின் அவ்விடர் நீங்கியது. பாடம் எளிய வடிவில் இருந்தமையால் குறியேற்றம் மாறியபோது நூல்களையும் மாற்ற இயன்றது. அச்சுப் பக்கங்களின் ஒளிப்படங்களை வைத்துள்ள மின்னூலகங்கள் அரிய பதிப்புகளைக் காத்துத் தருகின்றன. அவற்றின் பணி பெரிது. எனினும் ஒளிப்படத்துள் சொல்லைத் தேட இயலாது. கண்பார்வையற்ற மாணவர்க்குத் திரைபடிப்பான் அதனைப் படித்துக் காட்டவும் இயலாது. மதுரைத் திட்டப் பாடத்தை இவ்விரண்டிற்கும் பயன்படுத்தலாம்.

நூல்களை வரிசைப்படுத்திய முறையிற் குறை காண்கின்றோம். ஒவ்வொரு மின்பதிப்பிற்கும் வெளியீட்டு எண் ஒன்று உண்டு; திருக்குறள் முதல் எண்ணுக்கு உரியது. கோப்பின் பெயரும் அவ்வெண்ணே. வெளியிட்டோர் தம் பணியை நிரல்படுத்திக்கொள்ள அவ்வெண் பயன்படும். படிப்பவர்க்கு அதனாற் பயன் சிறிது. நெடிய நூல்கள் பல பகுதிகளாகப் பிரிந்து வெவ்வேறு கோப்புகளில் நிற்கின்றன. கம்பராமாயணத்துள் ஒரு படலத்தைத் தேடுவார், அது எக்காண்டத்தது, அக்காண்டத்தின் எப்பகுதியில் உளது என்பதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். கண்டு அறியச் செய்தல் என்னும் நெறி இவ்விடத்து நிறைவேறவில்லை. நூலை அறிந்தவர்க்கே நூல் கிடைக்கின்றது. ஒரு செய்யுளைச் சுட்டித் தனி முகவரி தர இயலாமையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. புலவர் உலகில் மேற்கோளின் அலகு பாடலும் அடியும். தளத்தின் அலகோ கோப்பு. ஆயினும் இவையெல்லாம் காலத்தை வீணாக்கும் குறைகளே. அறிவைத் திரிக்கும் குறைகள் வேறு உள. அவற்றையே விரித்துக் கூற விரும்புகின்றோம்.

திரையில் பாடத்தைப் படிப்பவர் மிகுதியாகச் செய்யும் வினை, சொல்லைத் தேடுதல். ஒரு சொல்லைத் தேடு கட்டத்தில் இட்டு அழுத்திய அளவில், உண்டு அல்லது இல்லை என்னும் விடை நொடியில் வருகின்றது. உண்டு என்னும் விடையை நாம் கண்ணால் சரிபார்க்கலாம். இல்லை என்னும் விடையைச் சரிபார்க்க வழி இல்லை. அதனை அப்படியே நம்புகின்றோம். தமிழ்ப் பாடத்தைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை பல இடங்களில் பிழைபடும்.

ஓர் எளிய சான்று காட்டுவோம். உயிர் என்னும் சொல்லைத் தேடுவார்க்கு மன்னுயிர், ஆருயிர், இன்னுயிர் என்னும் சொற்கள் அகப்படா. புணர்ச்சியில் உகரம் தன் உயிர்வடிவை இழந்து மெய்யோடு கூடி நிற்றலின், கணினி அதனை வேறு எழுத்தாகவே கொள்ளும். ஆறு என்று தேடுவார் அறத்தாறு என்பதனைக் காணார். புணர்ச்சி விதி கற்ற மாணவர் ‘யிர்’ எனச் சுருக்கித் தேடலாமே எனின், தேடலாம்; மயிரும் பயிரும் தயிரும் செயிரும் உடன் வந்து குவியும். செய்யுளைச் சீர் பிரித்து அச்சிட்ட பாடத்தில் ஒரு சொல் இரு சீர்க்கண் பிளவுண்டு நிற்பதும் உண்டு. அவ்விடத்து முழுச்சொல்லைத் தேடியும் பயன் இல்லை. பயன்கொள்வாரின் உலக வழக்கோடு ஒத்துப்போதல் என்னும் நெறியை வகுத்தவர், சொற்கள் இடைவெளி விட்டு நிற்கும் ஆங்கிலத்தை எண்ணியே வகுத்தார் போலும். தமிழ்ப் புலவர் உலகில் சொல் என்பது கண்ணுக்குத் தெரியும் அலகு அன்று. பிரித்து உணரும் அலகு. இக்குறை மதுரைத் திட்டத்திற்கே உரியது அன்று; தமிழ்ச் செய்யுளை மூலவடிவில் வைத்துள்ள எத்தளத்திற்கும் பொதுவானது. ஆயினும் அதனைப் பயன்கொள்வார்க்கு உணர்த்த ஓர் அறிவுரையேனும் பாடத்தின் முகப்பில் இருத்தல் வேண்டும்.

இதனினும் நுண்ணியது எழுத்தின் தோற்றம் பற்றிய மயக்கம். ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகர வடிவினது. ஆதலின் பௌவம் என்னும் சொல்லில் ஔகாரக் குறியை இடுவதற்கு மாறாக எகரக் கொம்பும் ளகரமும் இட்டுப் ‘பெளவம்’ எனத் தட்டெழுதினும், ஒளியெழுத்துணரி அவ்வாறு பிழைபட உணரினும், கண்ணுக்கு வேறுபாடு புலனாவது அரிது. மெய்ப்புத் திருத்துவார் கண்ணும் அதனைக் கடந்து செல்லும். கணினிக்கு அவை இரண்டும் முற்றிலும் வேறான சொற்கள். மின்பதிப்புகளில் இப்பிழை அடிக்கடி காணப்படுவது. பௌத்தம் என்று தேடுவார்க்கு அங்ஙனம் பிழைபட எழுதிய இடங்கள் மறைந்தே போகும். வடமொழிச் சீர்மை குறிக்கும் ‘ஸ்ரீ’ என்பதும் இத்தகையதே. 2005இல் ‘ஶ’ என்னும் எழுத்து ஒருங்குறியில் இடம் பெற்றபின், ஒரே வடிவாகத் தோன்றும் அக்கூட்டெழுத்தை இருவகையாகக் குறியேற்ற இயல்கின்றது. படிப்பவர் கண் ஒன்றாகக் காண்பதனை எந்திரம் இரண்டாகக் கொள்கின்றது. அதனை ஒருவர்க்கும் உரைப்பதும் இல்லை.

கருவி தன் நிலையை உணர்த்துக, பிழையை எடுத்துரைக்க என்னும் நெறிகள் இவ்விடத்துத்தான் பெருமதிப்புப் பெறுகின்றன. பொருளற்ற உரோமானியக் குறிகள் தோன்றிய பழைய நாளில், ஏதோ தவறு நேர்ந்தது என்பதனையாவது படிப்பவர் அறிந்தார். இன்றோ எல்லாம் செவ்விதின் நடப்பதாகவே தோன்றுகின்றது. தமிழிலக்கிய வரலாற்றில் ஒரு சொல்லின் இன்மையைக் கொண்டு ஒரு நூலின் காலத்தை முன்னும் பின்னும் தள்ளிய வாதங்கள் எத்துணை என்பது ஆய்வாளர் அறிந்ததே. முன்னாளில் அவ்வாதத்தைத் தொடுப்பவர் நூல் முழுவதையும் பன்முறை படித்தவராக இருந்தார். இந்நாளில் ஒருவர் தேடு கட்டத்தின் ‘இல்லை’யைக் கொண்டே அதனைத் தொடுத்தல் கூடும். அவ்வாதம் ஆய்வேட்டில் இடம்பெற்று, அடுத்த ஆய்வேட்டில் மேற்கோளாகுமாயின், பிறழ்ந்த ஒரு குறியேற்றம் வரலாறாக நின்றுவிடும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. படிப்பவர் நலம் கருதிப் பாடத்தைப் பிரித்துத் தருதல் தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதியதன்று. மர்ரே எஸ். இராஜம் அவர்கள் 1950களில் குறைந்த விலையில் வெளியிட்ட பதிப்புகள் சந்தி பிரித்து அச்சிடப்பெற்றவை. யாப்புச் சிதைகின்றதே எனப் புலவர் வருந்துவதிலும் நியாயம் உண்டு. பிரித்தல் என்பது ஒருவகை உரையே ஆகலின், பிரிப்பவர் கருத்துப் பாடத்துள் புகும் என்பதும் உண்மை. அச்சில் இவ்விரண்டனுள் ஒன்றையே தேர்தல் வேண்டும். கணினியிலோ மூலபாடம் ஒன்றும் பிரித்த பாடம் ஒன்றுமாக இரண்டனையும் அருகருகே வைத்து, ஒன்றனுள் தேடி மற்றொன்றனைக் காட்டலாம். இவ்வாய்ப்பைப் பயன்கொள்ளாது அச்சேட்டின் நிழலாகவே திரையை ஆக்குதல், எளிமை என்னும் பெயரால் பொறுக்கத்தக்கது அன்று. முன்னர்த் தளத்தின் எளிமையைப் போற்றினோம். அவ்வெளிமை தோற்றத்தில் இருத்தல் வேண்டுமேயன்றி, பாடத்தின் அடித்தளத்தில் அன்று.

எஞ்சியது பாடத்தின் பிறப்பு பற்றியது. ஒவ்வொரு மின்பதிப்பின் தலைப்பிலும் நன்றியுரையும் வழங்கல் நெறியும் ஆங்கிலத்தில் நிற்கின்றன. தமிழ்ப் பாடத்தின் வாயிலில் ஆங்கிலம் நிற்பது அழகன்று என்பதோடு அமைவோம். உலகெங்கும் பரந்த தொண்டர்களிடையே அது பொதுமொழியாக இருந்த காரணம் விளங்குகின்றது. பெரிய வினா, அத்தலைப்பு எதனைச் சொல்கின்றது என்பதே. பிற்கால வெளியீடுகளில் எந்த அச்சுப் பதிப்பிலிருந்து, யார் வெளியிட்ட எந்த ஆண்டுப் பதிப்பிலிருந்து பாடம் எடுக்கப்பட்டது என்பது குறிக்கப்படுகின்றது. ஒளிப்படம் எங்கிருந்து பெறப்பட்டது, ஒளியெழுத்துணரி பயன்பட்டதா என்பனவும் நேர்மையாகக் கூறப்படுகின்றன. இது பாராட்டத்தக்க வளர்ச்சி. தொடக்கக்கால வெளியீடுகள் பலவற்றிலோ, தட்டெழுதினார் பெயரும் பிழை திருத்தினார் பெயரும் உள. மூலப் பதிப்பின் பெயர் இல்லை. மாணவர் மிகுதியாகப் பயில்கின்ற தொன்னூல்களே பெரும்பாலும் தொடக்கத்தில் வெளிவந்தவை என்பது கவலைக்குரியது. பாடவேறுபாடு மலிந்த நூலொன்றில் எவர் கொண்ட பாடம் இது என்று அறியாமல் அதன்மேல் வாதம் எழுப்புதல் மணல்மேல் சுவர் எழுப்புதலை ஒக்கும்.

திருத்தங்களை அனுப்புமாறு தளம் அழைக்கின்றது. இறுதியாகத் திருத்திய நாள் பல பக்கங்களின் அடியில் காணப்படுகின்றது. இது நன்று. ஆயின், எந்தச் சொல் எவ்வாறு இருந்தது, எவ்வாறு மாறியது என்பதற்குப் பக்கத்தில் பதிவு இல்லை. அச்சுப்பதிப்பில் முதற்பதிப்பும் இரண்டாம் பதிப்பும் அடுக்கில் அருகருகே நிற்கும், உ.வே. சாமிநாதையரவர்கள் தம் பதிப்புகளை மீண்டும் வெளியிட்டபோது நிகழ்ந்த திருத்தங்களை இன்றும் ஒப்பிட்டு அறியலாம். திரையில் புதியது பழையதனை விழுங்கிவிடுகின்றது. நேற்று மேற்கோள் காட்டிய பாடம் இன்று இல்லாமற் போகலாம்; காட்டியவர் பொய்த்தார் போல் தோன்றுவர். நீல்சனாரின் பத்து நெறிகளுள் இதற்கு நேரிய நெறி ஒன்றும் இல்லை என்பது நோக்கத்தக்கது. வாணிகத் தளத்திற்கு நேற்றைய பக்கம் வேண்டுவதில்லை. பதிப்புத் தளத்திற்கு வேண்டும். பொதுநெறிகளை அப்படியே எடுத்து இலக்கியத் தளத்தின்மேல் வைத்து அளப்பார், இவ்வெல்லையை உணர்தல் வேண்டும்.

ஆக, மதுரைத் திட்டத்தின் பாடத்தை ஆய்வு மாணவர் பயன்கொள்ளலாமா என்னும் வினாவிற்கு, நூலைக் கண்டடையவும் படிக்கவும் தயங்காது பயன்கொள்க என்றும், பாடத்தை நிறுவ அதனையே சான்றாக்கற்க என்றும் விடை கூறுவோம். தளத்தை நடத்துவார்க்கு யாம் வேண்டுவன பெருஞ்செலவு கோருவன அல்ல. தொடக்கக்கால மின்பதிப்புகளுக்கு மூலப் பதிப்பின் பெயரைத் தேடி இணைத்தல் முதலாவது; தட்டெழுதிய தொண்டர்கள் நினைவில் அச்செய்தி இன்னும் இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும். ஔகார மயக்கத்தை எல்லாக் கோப்புகளிலும் ஒருசேரத் தேடித் திருத்துதல் எந்திரத்திற்கு எளிய வேலை. ஆயினும் எகரக் கொம்பின் பின் ளகரம் உண்மையாகவே வரும் ‘தெள்ளிய’ போன்ற சொற்கள் உளவாகலின், தமிழறிந்தார் ஒருவர் உடனிருந்து பார்த்தல் இன்றியமையாதது. இவ்வேலைக்குப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மாணவர்களை விடுத்தல் தகும்; பதிப்புப் பயிற்சியாகவும் அஃது அமையும்.

நம் துறைகளிலும் ஒரு நெறி வேண்டும். மின்பதிப்பினின்றும் மேற்கோள் தருவார், வெளியீட்டு எண்ணையும், பக்கத்தின் அடியில் உள்ள திருத்த நாளையும், தாம் ஒப்பிட்ட அச்சுப் பதிப்பையும் சேர்த்துக் குறித்தல் வேண்டும். இச்சொல் இந்நூலில் இல்லை என்று எழுதுவார், எவ்வெவ் வடிவங்களைத் தேடினார் என்பதனை அடிக்குறிப்பில் தருதலோடு, சங்க நூலாயின் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சொல்லடைவையோ, தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் இருவரும் 1992இல் தொகுத்த சொல்லடைவையோ பார்த்துச் சரிகண்ட பின்னரே அவ்வாறு எழுதுதல் வேண்டும்.